பிராண்டட் டெஸ்க்டாப்பா, அசெம்பிள் செய்வதா? சேலத்தில் கம்ப்யூட்டர் வாங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்குப் போனதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன பட்ஜெட்?" என்பதுதான். நாமும் அதற்கான பதிலை மட்டும் தயார் செய்துகொண்டு போகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்துகொண்ட பலரோடு உடனிருந்து பார்த்ததில், பணத்தைத் தவறாகக் கணக்கிட்டதால் வருந்தியவர்கள் குறைவு. மெஷின் ஒருநாள் நின்றுபோனபோது யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தவர்களே அதிகம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் விலை ஐந்தாவதாகத்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் போங்கள். முன்னால் உள்ள பதில்கள் இல்லாமல் விலையைப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காகத் தேவையில்லாத மெஷின் வீட்டுக்கு வந்துவிடும்.

1. வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில், இந்தக் கம்ப்யூட்டரில் அடுத்த நான்கு வருடத்தில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "எல்லாம் செய்ய வேண்டும்" என்று எழுதாதீர்கள். மென்பொருளின் பெயரை எழுதுங்கள்.

லீ பஜார் மண்டியில் டேலியில் கணக்குப் போட, பில் அடிக்க, வங்கி வேலை பார்க்க என்றால் சாதாரண பிராசஸர், 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போதும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைனை முப்பரிமாணத்தில் வரைபவருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபிக்குக் குறையாத ரேமும் வேண்டும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவுக்கு 32 ஜிபி இருந்தால்தான் வேலை இழுக்காமல் போகும். நிரல் எழுதிப் பழகும் கல்லூரி மாணவருக்கு 16 ஜிபி ரேம் போதும், கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது.

ஏன் இதை முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், பாதை பிரிவதே கிராபிக்ஸ் கார்டில்தான். அது வேண்டாம் என்றால் பிராண்டட் மெஷினுக்கும் அசெம்பிள் செய்ததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் வராது. வேண்டும் என்றால், பிராண்டட்டில் விற்கும் சின்ன ஆபீஸ் மாடல்கள் பெரும்பாலும் பட்டியலிலிருந்தே விலகிவிடும். அவற்றின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) 180 முதல் 300 வாட் அளவில்தான் இருக்கும், கேபினெட்டிலும் பெரிய கார்டுக்கு இடம் இருக்காது.

2. மெஷின் நின்றால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்?

அதே தாளில் இதையும் எழுதுங்கள்: கம்ப்யூட்டர் இன்று காலை ஆன் ஆகவில்லை என்றால், எத்தனை நாள் தள்ள முடியும்?

மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் கணக்காளருக்கு ஒரு நாள்கூட முடியாது. விளையாட்டுக்கும் படிப்புக்கும் வைத்திருக்கும் மாணவர் இரண்டு வாரம் பொறுப்பார். இந்த எண்தான் முடிவை எடுக்கும்.

பிராண்டட் மெஷினில் வாரண்டி ஒரே இடம். ஆன்சைட் வாரண்டி இருந்தால் ஆள் வீட்டுக்கே வருவார்; எந்தப் பாகம் போனது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அசெம்பிள் செய்ததில் ஏழெட்டுப் பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி, ஒரு வாரண்டிக் காலம். பெட்டியில் வரும் பிராசஸருக்கு 3 வருடம், எஸ்எஸ்டிக்கு மாடலைப் பொறுத்து 3 அல்லது 5 வருடம் என்று காகிதத்தில் இது பிராண்டட்டைவிட நன்றாகவே தெரியும். ஆனால் பழுது எதில் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அந்தப் பாகம் வெளியூர் சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம்.

வாரண்டி முடிந்த பிறகு நிலைமை அப்படியே தலைகீழாகிவிடும். அசெம்பிள் மெஷினின் எஸ்எம்பிஎஸ் போனால் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வேறொன்றை வாங்கி அன்றைக்கே மாட்டிவிடலாம், அளவுகள் பொதுவானவை. பல பிராண்டட் மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில், அதற்கே உரிய இணைப்பில் இருக்கும்; கடையில் கிடைக்காது. முதல் மூன்று வருடம் பிராண்டட்டுக்குச் சாதகம், நான்காம் வருடத்திலிருந்து அசெம்பிளுக்குச் சாதகம் என்பது என் கணிப்பு. எத்தனை வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இங்கே ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும். ஆன்சைட் என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பின்கோடைச் சொல்லி, "இங்கே ஆள் வருவாரா, எத்தனை நாளில்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மேலே வரமாட்டார் என்றால் பிராண்டட்டின் பெரிய பலமே போய்விடும். அப்போது சேலத்தில் உள்ள நல்ல கடையில் அசெம்பிள் செய்து வாங்குவதே மேல்.

3. மெஷினுக்கு முன் எர்த்தும் யூபிஎஸ்ஸும்

இது எல்லோரும் தாண்டிப்போகும் படி. எந்த வகை வாங்கினாலும் இது பொது.

கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பதாகப் பலர் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப்போவார்கள், அங்கே நன்றாக இருக்கும். பெரும்பாலும் காரணம், வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர், சிறிய கசிவு மின்சாரத்தை எர்த் வழியாக அனுப்பும்படி அமைக்கப்பட்டது. எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நிற்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளிலும், பட்டறையோடு சேர்ந்த வீடுகளிலும் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்து யூபிஎஸ். கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கும் மானிட்டருக்கும் 600 விஏ யூபிஎஸ் போதும். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கப் பத்து நிமிடம் கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 1000 விஏ அல்லது அதற்கு மேல் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள், அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் போடுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்தக் கண நேரத்திலேயே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பிறகு வெப்பம். சேலத்தில் சித்திரை, வைகாசியில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். அறையின் வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவும் உள்ளே இருக்கும் பாகங்களின் வெப்பத்திலும் கூடும். மேஜையின் மூடிய அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைக்காதீர்கள். முன்பக்கம் முழுதும் கண்ணாடியாக இருக்கும் அழகான கேபினெட்டைவிட, முன்பக்கம் வலை உள்ள கேபினெட் நம் ஊருக்கு ஏற்றது.

4. பாகப் பட்டியல் போடுங்கள்

பிராண்டட் வாங்குவது என்று மனதில் முடிவே செய்திருந்தாலும் இந்தப் பட்டியலைப் போடுங்கள். கையில் இது இல்லாமல் பிராண்டட் விலை நியாயமா என்று சொல்ல முடியாது.

பிராசஸரில் தொடங்குங்கள். இன்டெல் எண்ணின் முடிவில் எஃப் எழுத்து இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் (தனிக் கார்டு இல்லாமலே மானிட்டரில் படம் காட்டும் வசதி) கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று அதை வாங்கிவந்து, மானிட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்று உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசையில் ஜி எழுத்து உள்ளவற்றில்தான் உள் கிராபிக்ஸ் உண்டு. 7000 வரிசையில், எஃப் என்று முடிபவற்றைத் தவிர, மற்றவற்றில் உண்டு.

அதற்கேற்ற மதர்போர்டு அடுத்து. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசைக்கான ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 என்ற பழைய வகை ரேம் மட்டும், 7000 வரிசைக்கான ஏஎம்5 போர்டில் புதிய வகையான டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு இரண்டு வகைப் போர்டும் உண்டு, ஆனால் ஒரு போர்டு ஒரு வகையைத்தான் ஏற்கும். இரண்டு ரேமிலும் நடுவெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் போட முடியாது, அழுத்தினால் உடையும். போர்டில் வைஃபை இருக்கிறதா என்றும் பாருங்கள், விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது.

ரேமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸை நம்பி இருப்பவர்களுக்கு இந்த ஒன்றிலேயே வேகம் நன்றாகத் தெரியும், ஏனெனில் அது கடன் வாங்குவது இந்த ரேமைத்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லிவிடுங்கள். 80 பிளஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத தரத்துக்கான) சான்று உள்ள, பெயருள்ள கம்பெனியின் 450 அல்லது 550 வாட் ஒன்றை எடுங்கள். மற்ற பாகம் போனால் அது மட்டும் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

5. இப்போது விலை

இரண்டு நெடுவரிசை போட்டு, ஒரே நாளில் விலை கேளுங்கள். ரேம், எஸ்எஸ்டி விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன. போன மாதம் நண்பர் வாங்கிய விலையை வைத்து ஒப்பிட்டால் கணக்குத் தவறும்.

கடைக்காரர் சொல்லும் தொகை வரி சேர்த்ததா என்று முதலில் கேளுங்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நாற்பதாயிரம் என்று சொன்னது பில்லில் 47,200 ஆகும். தொழிலுக்கு வாங்குபவர் ஜிஎஸ்டி எண் போட்டுப் பில் வாங்கினால், விதிகளுக்கு உட்பட்டு அந்த 7,200-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம்.

பிராண்டட் விலையில் விண்டோஸ் உரிமம், கீபோர்டு, மௌஸ் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அசெம்பிள் பட்டியலில் அவை இல்லை. அசல் விண்டோஸ் உரிமத்தின் விலையைச் சேர்த்தவுடன் "அசெம்பிள் மலிவு" என்பது பல சமயம் காணாமல் போகும். "விண்டோஸ் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொன்னால், உரிமச் சாவி பில்லில் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டுக்கொள்வது நேர்மையான வழி, மாணவர்களுக்குப் பழக்கமும் ஆகும்.

பழைய ஆபீஸ் மெஷின்களைச் சரிசெய்து விற்பதையும் மூன்றாவது நெடுவரிசையாகப் போடலாம். ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியதை வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் பழைய பிராசஸர்களை ஏற்பதில்லை.

6. மூன்றாவது வழி: கடையிலேயே அசெம்பிள் செய்யச் சொல்வது

சேலத்தில் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். பட்டியல் உங்களுடையது, மாட்டித் தருவது கடை. பழுது வந்தால் எந்தப் பாகம் என்று கண்டுபிடித்து வாரண்டிக்கு அனுப்பும் வேலையையும் கடையே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்காக இரண்டாயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

நிபந்தனை மூன்று. பாகங்களின் பெட்டிகளை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். காலிப் பெட்டிகள் உங்களிடம் வந்துவிட வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். "அசெம்பிள்டு சிஸ்டம் – 1" என்று ஒற்றை வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிலும் வாரண்டி கேட்க முடியாது. வரியைத் தவிர்க்கப் பில் இல்லாமல் வாங்குவது, வாரண்டியை 18 சதவீதத்துக்கு விற்றுவிடுவது.

7. வீட்டில் நீங்களே மாட்டுவதென்றால்

தேவையானவை: நடுத்தர அளவு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் (நுனியில் காந்தம் இருந்தால் நல்லது), டார்ச், 8 ஜிபிக்கு மேல் உள்ள பென் டிரைவில் விண்டோஸ் அல்லது லினக்ஸ், அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலியெஸ்டர் துணி விரிக்காத மேஜை. உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் முதலில் மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் உள்ளே கை போகாது. வரிசை இப்படி இருக்கட்டும்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வையுங்கள். பிராசஸரின் மூலையில் உள்ள சிறு முக்கோணக் குறியைச் சாக்கெட்டில் உள்ள குறியோடு பொருத்தி, கையை விட்டுவிடுங்கள். தானாக உட்கார வேண்டும், அழுத்தக் கூடாது. இன்டெலிலும் ஏஎம்5-லும் ஊசிகள் போர்டில் இருக்கின்றன, ஏஎம்4-இல் பிராசஸரில். எங்கே இருந்தாலும் ஒன்று வளைந்தால் வாரண்டி கிடைக்காது.

ரேமை, நான்கு துளை உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஆன் ஆகாத புது மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான். அடுத்து எம்.2 எஸ்எஸ்டி, அதாவது போர்டிலேயே நேராகச் செருகும் மெல்லிய எஸ்எஸ்டி.

பிறகு கூலர், அதாவது பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறி. அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். பெட்டியோடு வரும் கூலரில் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னும் தடவ வேண்டாம். தனிக் கூலருக்கு ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். நான்கு முனைகளையும் எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் சாய்ந்து உட்காரும்.

இப்போது கேபினெட்டுக்கு வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உள் கிராபிக்ஸ் இருந்தால் இது எளிது. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிள், பிராசஸருக்கான 8 பின் கேபிள், மானிட்டர் ஆகியவற்றை இணைத்து, பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன்பே வரும், போர்டின் சொந்த அமைப்புத் திரை) வந்தால் முக்கியப் பாகங்கள் நலம். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துபவர்கள்தான் பிறகு முழு மெஷினையும் பிரிக்கிறார்கள்.

கேபினெட்டுக்குள் வைக்கும் முன் பின்பக்கத் தகடு தனியாக இருந்தால் அதை முதலில் பொருத்துங்கள். பித்தளை ஸ்டாண்டாஃப்கள் (போர்டைத் தாங்கும் சிறு கால்கள்) போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று இருந்தால் போர்டின் அடிப்பக்கம் பட்டு ஷார்ட் ஆகும். கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு. அதைப் போட்ட பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் இல்லை.

ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் போடாதீர்கள். செருகும் இடம் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் எரிந்துபோகலாம்.

8. முதல் ஆன், முதல் வாரம்

டிடிஆர்5 ரேம் உள்ள மெஷின், குறிப்பாக ஏஎம்5, முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது. பயந்து பவரை நிறுத்தாதீர்கள், பத்து நிமிடம் காத்திருங்கள்.

பயாஸில் போய், வாங்கிய ரேம் முழுதும் தெரிகிறதா என்று பாருங்கள். இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டியின் புதிய போர்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் பெட்டியில் எழுதிய வேகத்தில் ரேம் ஓடும்.

மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியை இரவு முழுதும் ஓட்டுங்கள். ரேமில் ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கடைக்குப் போங்கள். முதல் வாரத்தில் மாற்றித் தரும் கடை, மூன்றாம் மாதத்தில் கம்பெனிக்குத்தான் அனுப்பும்.

பிராண்டட் வாங்கியவர்களும் முதல் நாளே கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். சில சமயம் டீலருக்கு அனுப்பிய தேதியிலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பில்லை அனுப்பித் திருத்தச் சொன்னால் திருத்துவார்கள், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும்.

9. மலைக்கு எடுத்துச் செல்வதென்றால்

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் அது ஆடி, போர்டின் துளையை நெம்பும். கேபினெட்டை, மதர்போர்டு அடியில் கிடையாக வரும்படி படுக்க வைத்து, கீழே ஒரு போர்வை மடித்துப் போடுங்கள்.

மேலே போன பிறகு, மழையும் பனியும் உள்ள மாதங்களில் மெஷினைத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். ஓடும் மெஷின் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். வாரக்கணக்கில் மூடிக் கிடப்பதில்தான் ஈரம் ஏறி இணைப்புகள் பச்சை பூக்கும். ஜன்னல் ஓரமும் வேண்டாம்.

சர்வீஸுக்காகக் கீழே கொண்டுவரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். மலைக்குளிரில் இருந்த பெட்டியைச் சேலத்தின் ஈரச் சூட்டில் திறந்தால், குளிர்ந்த சொம்பின் மேல் நீர் கோப்பதுபோல் உள்ளே உலோகத்தின் மேல் நீர் கோக்கும். கடைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.